கொப்பியில் புதுசு வருமா?

கேள்வி: பண்டைக் காலத்தில் தாவரங்களின் நிறமூர்த்தங்கள் முழுதாக இரட்டித்தன, அதனால்தான் விதையும் பூவும் வந்தன என்று என் மகனின் ரியூசன் ஆசிரியர் சொல்கிறார். புத்தகத்தைப் போட்டோ கொப்பி எடுத்தால் அதில் புதிய விஷயம் எப்படி வரும்?
- வாசகர், வெள்ளவத்தை

பதில்: கொப்பி அப்படியே இருந்தால் வராது. ஆனால் உயிருள்ள கலத்தில் எந்தக் கொப்பியும் காலத்துக்கும் அப்படியே இருப்பதில்லை. நீங்கள் கவனிக்காமல் விட்டது அதைத்தான். நிறமூர்த்தத்தில் ஒரு வேலைக்கு ஒரே ஒரு பரம்பரையலகு (ஜீன்) என்றால் அது கெட்டதும் செடிக்கு ஆபத்து. இரண்டு இருந்தால் ஒன்று வேலையைப் பார்த்துக்கொள்ளும், மற்றது மாறலாம். பெரும்பாலானவை மாறி, கெட்டு, அழிந்தே போகின்றன. சில மட்டும் புது வேலை பிடித்துக்கொள்கின்றன. மரபியலாளர் சுசுமு ஓனோ 1970இலேயே இதை விரிவாக எழுதிவிட்டார்.

கடுகுக் குடும்பத்துச் சிறுசெடி அரபிடோப்சிஸ். அதன் பூவில் கேசரமும் சூலகமும் உருவாக ஒரு பரம்பரையலகு தேவை. அதன் பழைய கொப்பியொன்று வழிமாறி, காய் முற்றியதும் வெடிக்க வேண்டிய விளிம்பை அமைக்கும் வேலைக்குப் போய்விட்டது. அப்புறம் அதுவும் இரண்டானது. அந்த இரண்டில் ஒன்றை முடக்கினால் காய் வழக்கம்போல் வெடிக்கிறது. இரண்டையும் முடக்கினால் மூடியபடியே காய்ந்து நிற்கிறது, விதை கொட்டுவதில்லை. புதிய விஷயம் வேறெப்படி இருக்கும் என்று எதிர்பார்க்கிறீர்கள்?

இதெல்லாம் பண்டைக் கதை மட்டுமல்ல. காலையில் நீங்கள் வாங்கும் பாணின் கோதுமையில் 42 நிறமூர்த்தங்கள். தலா 14 கொண்ட மூன்று புல்லினங்கள் கலந்து, இரட்டித்து வந்த கணக்கு அது.

சரி, ஆசிரியர் பக்கம் வருவோம். இரட்டிப்பு நடந்தது என்பது உண்மை. 2011இல் வந்த ஆய்வொன்று விதைத் தாவரங்களின் மூதாதையில் சுமார் 31.9 கோடி ஆண்டுகளுக்கு முன்பும், பூக்கும் தாவரங்களின் மூதாதையில் சுமார் 19.2 கோடி ஆண்டுகளுக்கு முன்பும் அது நிகழ்ந்ததாகக் கணித்தது. முதலாவதைப் பின்னர் வேறு ஆய்வாளர்கள் கேள்விக்குட்படுத்தினார்கள். அதே 2011இல் செலாஜினெல்லா என்ற, விதையும் பூவும் இல்லாத சிறு தாவரத்தின் முழுப் பரம்பரைத் தொகுதியும் (எல்லாப் பரம்பரையலகுகளும் அடங்கிய தொகுப்பு) வெளியானது. அதில் முழு இரட்டிப்பின் தடயமே இல்லை. ஆனாலும் அது வேரும் நீர் கடத்தும் கலனிழையமும் கொண்டு நன்றாகவே வாழும் தாவரம்.

ஆகவே “அதனால்தான்” என்ற சொல்லில்தான் எனக்குத் தகராறு. பூக்கும் தாவரங்களின் ஐயமற்ற புதைபடிவச் சுவடுகள் ஏறத்தாழ 13.5 கோடி ஆண்டுகளுக்கு முன்பிருந்தே கிடைக்கின்றன. 19.2 கோடியில் நடந்த இரட்டிப்புக்கும் இதற்கும் இடையில் 5 கோடி ஆண்டுகளுக்கும் மேல் என்ன நடந்தது என்று மகனை அடுத்த வகுப்பில் கேட்கச் சொல்லுங்கள்.