பரணைப் பிறகு பார்க்கலாம், முதலில் திவானைக் காலி செய்யுங்கள்

கேள்வி: வேலூர் சத்துவாச்சாரியில் இரண்டு படுக்கையறை கொண்ட சொந்த வீடு எங்களுடையது. வீட்டுக்காரருக்கு ராணிப்பேட்டை சிப்காட்டில் ஷிப்ட் வேலை. நான் ஒரு தனியார் பள்ளியில் அலுவலக வேலை பார்க்கிறேன். மகள் பத்தாவது, மகன் ஆறாவது. மாமனார் காலமான பிறகு, போன வருடம் மாமியாரைக் குடியாத்தத்திலிருந்து அழைத்து வந்தோம். அவரோடு ஒரு மினி லாரி சாமானும் வந்தது. பித்தளை அண்டா, எவர்சில்வர் குடங்கள், மாமனார் தறி ஓட்டிய காலத்து நாடா (ஊடை நூலைக் குறுக்கே ஓட்டும் கட்டை), டிரங்குப் பெட்டி, ஓடாத தையல் மிஷின். எங்கள் பரண் ஏற்கெனவே நிறைந்திருந்ததால் எல்லாம் ஹாலுக்கு வந்துவிட்டது. திவான் முழுக்க மூட்டை. எதைத் தொட்டாலும் "அது பாட்டுக்கு அங்க கீது, உனக்கு இன்னா?" என்கிறார் அத்தை. "எல்லாத்தையும் ஒரே நாள்ல காயலாங்கடையில போட்டுடு" என்கிறார் கணவர். வீட்டுக்குள் நுழைந்தாலே எரிச்சல் வருகிறது. நாங்கள் ஐந்து பேரும் சேர்ந்து சிரித்துப் பேசி எத்தனையோ நாளாகிறது. எங்கிருந்து தொடங்குவது? தையல் மிஷினையாவது விற்றுவிடலாமா?

பதில்: நீங்கள் எழுதியதில் பாதிக்கு மேல் சாமான் கணக்கு. என் மனதில் தங்கியது அந்த ஒரு வரிதான்: ஐந்து பேரும் சேர்ந்து சிரித்துப் பேசி எத்தனையோ நாளாகிறது என்றீர்களே, அது. குடும்ப ஆலோசனைக்காக இந்தப் பக்கத்து வீடுகளுக்குப் பல வருடங்களாகப் போய் வருகிறேன். பரணில் இருக்கும் சாமானால் குடும்பம் பேச்சை விட்டு நான் பார்த்ததில்லை. உட்காரும் இடத்தைச் சாமான் பிடித்துக்கொண்டால் பேச்சு நின்றுவிடுகிறது. திவானில் இடமில்லை என்றால் மகள் தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போவாள், மகன் கட்டிலில் போனோடு படுப்பான், ஷிப்ட் முடிந்து வருபவர் வாசலில் நின்றபடியே காபி குடித்துவிட்டுத் தூங்கப் போவார். அத்தை சமையலறை வாசற்படியில் தனியாக உட்கார்ந்திருப்பார். ஊகத்தில்தான் சொல்கிறேன், ஆனாலும் உங்கள் வீட்டில் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும் என்று நினைக்கிறேன்.

அதனால் முதல் வேலை திவான். பரண், பீரோ, சமையலறை அலமாரி எதையும் இப்போது தொட வேண்டாம். திவானில் இருக்கும் மூட்டைகளை அப்படியே ஓர் அறையின் ஒரு சுவரோரம் அடுக்குங்கள். ஒரு பொருளைக்கூட அன்றைக்கு வெளியே அனுப்பக் கூடாது. "அத்தை, எதையும் தூக்கிப் போடல, உக்கார இடம் பண்றேன், அவ்வளவுதான்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அந்தச் சொல்லைக் காப்பாற்றுங்கள். பின்னால் வரும் எல்லா வேலைக்கும் அந்த நம்பிக்கைதான் முதல்.

உங்கள் எரிச்சலைப் பற்றியும் சொல்ல வேண்டும். உங்களைக் குணம் கெட்டவள் என்று நீங்களே நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தில், கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் குடும்பங்களை ஆராய்ந்து 2010-ல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். வீட்டைப் பற்றிப் பேசும்போது "சாமான் குவிந்து கிடக்கிறது, முடியாத வேலை நிறைய இருக்கிறது" என்ற பாணியில் பேசிய பெண்களுக்கு, கார்ட்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் பகல் போகப் போக இறங்க வேண்டிய அளவுக்கு இறங்கவில்லை. ஆண்களிடம் அந்தத் தொடர்பு அவ்வளவாகத் தென்படவில்லை. சாமான்தான் காரணம் என்று அந்த ஆய்வு அடித்துச் சொல்லவில்லை. ஆனாலும் ஒரே ஹாலைப் பார்த்து உங்கள் கணவர் செருப்பைக் கழற்றிவிட்டுத் தூங்கப் போவதற்கும், உங்களுக்கு நெஞ்சு படபடப்பதற்கும் காரணம் புரிகிறது. அந்தக் குவியலைப் பார்க்கும்போதே "இதை நான்தானே செய்யணும்" என்று உங்கள் மனம் கணக்குப் போட ஆரம்பித்துவிடுகிறது. இதை அவரிடம் சண்டை இல்லாத நேரத்தில் சொல்லுங்கள்.

இனி அத்தை விஷயம். அவர் பிடிவாதக்காரர் என்று நான் நினைக்கவில்லை. ஒரே வருடத்தில் கணவர் போனார், குடியாத்தத்து வீடு போனது, தெரு போனது, பேசிப் பழகிய அக்கம்பக்கம் போனது. மிச்சம் இருப்பது அந்த மினி லாரியில் ஏறி வந்தது மட்டும்தான். தன் பொருளை மனிதர்கள் எவ்வளவு பெரிதாக மதிக்கிறார்கள் என்று 1990-ல் காபிக் கோப்பையை வைத்தே ஒரு சோதனை நடத்திக் காட்டினார்கள். சற்று முன்பு இலவசமாகக் கிடைத்த கோப்பையை விற்கச் சொன்னபோது, வைத்திருந்தவர்கள் கேட்ட விலை, வாங்க வந்தவர்கள் தரத் தயாராக இருந்த விலையைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. சற்று முன்பு கிடைத்த கோப்பைக்கே அப்படி என்றால், கல்யாணச் சீராக வந்த அண்டாவுக்கு அவர் மனதில் என்ன மதிப்பு இருக்கும்? காயலாங்கடைக்காரர் எடை போட்டுச் சொல்லும் தொகையைக் கேட்டால் அவர் கண் கலங்கத்தான் செய்யும்.

இன்னொன்று நம் ஊர் சம்பந்தப்பட்டது. பாலாறு மணல் மட்டும் ஓடிய வருடங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் இந்தப் பக்கத்துப் பெரியவர்கள். லாரித் தண்ணீருக்குக் குடம் போட்டு வரிசையில் நின்றவர்களுக்கு ஒரு குடத்தை வெளியே தள்ளக் கை வராது. காவிரிக் கூட்டுக் குடிநீர் வந்த பிறகும் அந்தப் பயம் போகவில்லை. உங்கள் தெருவில் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு முறை வருகிறது என்று பாருங்கள். அந்த இடைவெளிக்கு வேண்டிய குடங்களும் டிரம்மும் வேண்டாத சாமான் அல்ல, அவை இருக்கட்டும். அதற்கு மேல் இருப்பதைத்தான் பேச வேண்டும். வைத்திருக்கும் டிரம்மை மூடி வையுங்கள், வாரம் ஒரு முறை உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு பரப்பும் கொசு ஒரு வாரம் பத்து நாளில் முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வந்துவிடும். காய்ந்த டிரம்மின் சுவரில் ஒட்டிய முட்டை மாதக்கணக்கில் உயிரோடிருந்து தண்ணீர் பட்டதும் பொரியும். மொட்டை மாடியில் கிடக்கும் உடைந்த பக்கெட், டயர், தேங்காய்த் தொட்டிக்கு மட்டும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். மலையடிவாரம் என்பதால் சுவரோரம் குவித்த செங்கல், விறகுக்கு அடியில் தேளும் பூரானும் குடியேறும். அதை அகற்றும்போது வெறும் கையை விடாதீர்கள்.

பாத்திரங்களுக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த வேலை இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நம் வீட்டு எவர்சில்வர், பித்தளைப் பாத்திரங்களில் பெயர் வெட்டியிருக்கும். யார் கொடுத்தது, எந்த விசேஷம், சில சமயம் தேதியும் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வெயில் ஏறுவதற்கு முன், காலியான அந்தத் திவானில் அத்தையை உட்கார வையுங்கள். மகன் ஒவ்வொரு பாத்திரமாக எடுத்து வந்து பெயரைப் படிக்கட்டும். மகள் ஒரு நோட்டில் எழுதட்டும். "இது யாரு ஆயா?" என்று பிள்ளைகள் கேட்கட்டும், நீங்கள் கேட்க வேண்டாம். மருமகள் கேட்டால் கணக்குக் கேட்பதுபோல் ஆகிவிடும். பேரன் கேட்டால் கதை வரும். ஒரு நாளில் பத்துப் பாத்திரம் போதும். ஒரு மணி நேரம் ஆனதும் நிறுத்திவிடுங்கள், அவர் இன்னும் சொல்ல வேண்டும் என்று இருக்கும்போதே.

கதையைச் சொல்லி முடித்த பிறகு பலருக்குப் பிடி தளர்வதைப் பார்த்திருக்கிறேன். ஒரு பொருளில் இருந்த நினைவு நோட்டுக்கும் பேரன் காதுக்கும் போய்விட்டால், அந்தப் பொருளைத் தாங்கிப் பிடிக்க வேண்டிய அவசியம் குறைகிறது. அப்போதும் "எதைக் கொடுத்துடலாம்?" என்று கேட்காதீர்கள். "இதை யாருக்குக் கொடுத்தா நல்லா வெச்சிக்குவாங்க?" என்று கேளுங்கள். நாத்தனார் மகளுக்குக் கல்யாணம் நெருங்குகிறதா, அடுத்த தெருவில் சமையல் வேலை எடுத்துச் செய்பவர் இருக்கிறாரா, உங்கள் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றப் பெரிய பாத்திரம் வேண்டுமா? அண்டா அங்கே போகட்டும், அத்தையே தன் கையால் கொடுக்கட்டும். மிஞ்சுவதை எடைக்குப் போடலாம். பித்தளை, செம்பு, எவர்சில்வர் மூன்றையும் தனித்தனியாகப் பிரித்து, வீட்டிலேயே எடை பார்த்துக் குறித்துவிட்டுப் போங்கள். மூன்றுக்கும் விலை வேறு. கலந்து கொடுத்தால் நஷ்டம் உங்களுக்குத்தான். வரும் பணம் அத்தை கைக்குப் போக வேண்டும், இதில் பேச்சே இல்லை.

அந்தத் தறி நாடாவை எடைக்கும் போட வேண்டாம், பரணிலும் ஏற்ற வேண்டாம். துடைத்து எண்ணெய் தடவி, ஹாலில் மாமனார் படத்துக்குக் கீழே வையுங்கள். மூட்டையாக வந்த சாமானில் ஒன்றாவது கண்ணில் படும் இடத்தில் மரியாதையாக உட்கார்ந்தால், மற்றவற்றை விடுவது அவருக்கு எளிதாக இருக்கும்.

காகிதங்கள் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் வேலூர் வீடுகளில் ஆஸ்பத்திரிப் பை இல்லாத பீரோவை நான் பார்த்ததில்லை. மாமனாருடைய பையும் இருக்கும். டிஸ்சார்ஜ் சம்மரி, ஆபரேஷன் குறிப்பு, பயாப்ஸி முடிவு இவற்றை வைத்துக்கொள்ளுங்கள். குடும்பத்தில் வரும் நோய் பற்றிப் பிள்ளைகளுக்கு நாளை தேவைப்படும். இன்சூரன்ஸ் கணக்கு முடிந்திருந்தால் மருந்துக்கடை பில்களைக் கிழித்துவிடலாம். தேதி போன மாத்திரைகளைச் சாக்கடையில் கொட்டாமல், குப்பை வாங்க வருபவரிடம் தனிப் பொட்டலமாகச் சொல்லிக் கொடுங்கள். மூலப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, வீட்டு வரி ரசீது, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று எல்லாம் ஒரே ஃபைலில். டிரங்குப் பெட்டியின் அடியில் விரித்த தாளைக்கூடப் பிரித்துப் பாராமல் எறியாதீர்கள். பணமும் பத்திரமும் அங்கேதான் இருக்கும்.

மகளின் மேசையைப் பொதுத்தேர்வு முடியும்வரை தொடாதீர்கள். உங்கள் கணவரிடம் நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: காயலாங்கடை என்ற சொல்லை வீட்டில் மூன்று மாதத்துக்குச் சொல்லக் கூடாது. போகி அன்று எல்லாவற்றையும் கொளுத்தும் யோசனை யாருக்காவது வந்தால் அதையும் தடுத்துவிடுங்கள். பழைய பிளாஸ்டிக், ரெக்சின், டயர் எரிந்த புகை தெரு முழுக்கப் பிள்ளைகளின் நுரையீரலுக்குத்தான் போகும்.

ஒரு எச்சரிக்கை. அத்தை சாமானை விடாமல் இருப்பது துக்கம், அது மெல்லக் கரையும். ஆனால் தெருவில் கிடப்பதை எல்லாம் பொறுக்கி வருவது, படுக்கையிலும் அடுப்பு மேலும் குவிப்பது, வைத்த இடம் மறந்து "திருடிட்டாங்க" என்பது இவை புதிதாகத் தொடங்கினால் வேறு விஷயம். பொருள் குவிக்கும் பழக்கம் தனி நோயாகவே மருத்துவத்தில் 2013 முதல் வகைப்படுத்தப்பட்டிருக்கிறது. வயதானவர்களுக்கு மறதி நோயின் தொடக்கமாகவும் இருக்கலாம். அப்போது திட்டாமல் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். பாகாயத்தில் சிஎம்சியின் மனநல மையம் இருக்கிறது, அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையிலும் கேட்கலாம். போனில் பேச வேண்டுமானால் 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் இலவசமாகப் பேசலாம், இரவிலும்.

திவான் காலியான பிறகு அதை என்ன செய்வது என்பதையும் சேர்த்தே முடிவு செய்யுங்கள். காலி இடத்தை விட்டுவைத்தால் ஒரு வாரத்தில் துவைத்த துணி வந்து உட்கார்ந்துகொள்ளும். கணவரின் ஷிப்ட் அட்டவணையைப் பார்த்து, ஐந்து பேரும் வீட்டில் இருக்கும் வேளை வாரத்தில் எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள். மூன்று வந்தால் அந்த மூன்றிலும் ஹாலில் கோரைப்பாய் விரித்துச் சேர்ந்து சாப்பிடுங்கள், போன்கள் வேறு அறையில். அத்தை கையால் முள்ளு கத்திரிக்காய் குழம்பு ஒரு நாள் வைக்கட்டும். அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1938-ல் தொடங்கி இன்றுவரை சில நூறு குடும்பங்களின் வாழ்க்கையைத் தொடர்ந்து குறித்து வருகிறது. முதுமையில் உடலும் மனமும் நன்றாக இருந்தவர்களிடம் அவர்கள் திரும்பத் திரும்பக் கண்டது, பக்கத்தில் இருப்பவர்களோடு இருந்த நெருக்கம். சாப்பாட்டு நேரத்துப் பேச்சில் அந்த நெருக்கம் வளர்வதை நான் நம் வீடுகளிலேயே பார்த்திருக்கிறேன். சித்திரை வெயிலில் ஹால் கொதித்தால் மொட்டை மாடியில் தண்ணீர் தெளித்து, இருட்டிய பிறகு அங்கே பாயை விரியுங்கள்.

கடைசியாக அந்தத் தையல் மிஷின். விற்காதீர்கள். அத்தைக்குக் கண் தெரிந்து, காலில் பலம் இருந்தால் அது அவருடைய தொழில்கருவி. மெக்கானிக்கை வரவழைத்து பெல்ட் மாற்றி எண்ணெய் போடச் சொல்லுங்கள், பழைய கால் மிஷின்கள் பெரும்பாலும் அதிலேயே ஓடிவிடும். ஜன்னல் வெளிச்சம் விழும் இடத்தில் போட்டு, மாமனாரின் வேட்டி கைலிகளில் நன்றாக இருப்பதை எடுத்து வைத்து, திவானுக்கு ஐந்து தலையணை உறை தைத்துத் தரச் சொல்லுங்கள். அளவு எடுக்கவும் நூல் கோக்கவும் மகள் பக்கத்தில் உட்காரட்டும்.