வைத்த இடத்தில் நிற்காத செடிகள்

கேள்வி: போன வருஷம் துளசி மாடத்தருகே காசித்தும்பை வைத்தேன். இந்த மழைக்குக் கிணற்றடியிலும் நடைபாதைக் கல் இடுக்கிலும் முளைத்திருக்கிறது. மாடத்தருகே ஒன்றுகூட இல்லை. ஏன்?
– வாசகி, கும்பகோணம்

பதில்: காசித்தும்பைக் காய் முற்றிவிட்டால் விரல் பட்டாலே வெடிக்கும். தோல் ஐந்தாகப் பிரிந்து சட்டெனச் சுருண்டு, விதையை இரண்டு மூன்று அடிக்கு அப்பாலும் எறியும். மிச்சத்தை மழைநீர் பார்த்துக்கொள்ளும். தண்ணீர் ஓடி வண்டல் ஒதுங்குகிற இடத்தில்தான் விதையும் ஒதுங்கும்.

மாடத்தருகே முளைக்காததற்குக் களைக்கொத்து காரணமாக இருக்கலாம். மண்ணைக் கொத்திப் புரட்டினால் விதை ஆழத்தில் புதைந்துவிடும். சருகை இரண்டு அங்குலத்துக்குப் பரப்பினாலும் முளை மேலே வரத் திணறும். களையென்று பிடுங்கியிருக்கவும் கூடும். அடையாளம் இதுதான்: முதலில் வரும் இரண்டு விதையிலைகள் வட்டமாக, தடிப்பாக இருக்கும். தண்டு நீர் கோத்ததுபோல் மினுங்கும். அடுத்து வரும் இலைகள் நீண்டு, ஓரத்தில் ரம்பப் பல்லோடு இருக்கும்.

வேண்டிய இடத்தில் வளர்க்க, காய் வெளிறி உப்பும்போது உள்ளங்கைக்குள் பொத்தி அமுக்குங்கள், கைக்குள்ளேயே வெடிக்கும். பழுப்பு விதைதான் முற்றியது, வெள்ளை விதை வேண்டாம். நிழலில் நாலைந்து நாள் உலர்த்திக் காகித உறையில் வையுங்கள். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டினால் பூஞ்சை பிடிக்கும். விதைக்கும்போது கால் அங்குல மண் மூடினால் போதும். நாலு இலை விட்டதும், சாயங்காலத்தில், வேர் மண்ணோடு பெயர்த்து ஓரடி இடைவெளியில் நடுங்கள். நெருக்கமாக விட்டுத் தண்ணீரும் கூடினால் தண்டு அடியில் அழுகிச் சாயும்.

அடுக்குப் பூதான் வேண்டுமென்றால், ஒற்றைப் பூச் செடியை முதல் பூ விரிந்த அன்றே பிடுங்கிவிடுங்கள். தேனீ இரண்டையும் கலந்துவிடும்.

கேள்வி: ஊதாப் பூ பூக்கும் ஒரு செடி, காய் நனைந்தால் வெடிக்கிறது. வெட்ட வெட்ட வேலியெங்கும் வருகிறதே?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: பிள்ளைகள் தண்ணீரில் போட்டு விளையாடும் பட்டாசுக்காய்ச் செடி அது. வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்தது. காய்ந்து பழுத்த காய் மழை படும்வரை காத்திருக்கும். அதனால் விதை சிதறும்போதே முளைக்கத் தேவையான ஈரமும் தரையில் இருக்கும். எவ்வளவு அழகான ஏற்பாடு! நனைந்த விதை பசைபோல் ஒட்டும். செருப்பிலும் மண்வெட்டியிலும் ஏறி அடுத்த பாத்திக்குப் போகும்.

வெட்டிப் பயனில்லை. அடியில் விரல் விரலாகத் தடித்த வேர்க்கிழங்கு இருக்கிறது, அதிலிருந்து துளிர்க்கும். மழை விட்ட மறுநாள், மண் இளகியிருக்கும்போது கடப்பாரையால் கிழங்கோடு கிளப்புங்கள். காய்களை அதற்கு முன்பே, வெயில் ஏறிய நேரத்தில், காய்ந்த பையில் பறித்துவிட வேண்டும். எருக்குழியில் மட்டும் கொட்டாதீர்கள். அங்கே நனைந்து வெடித்து, எருவோடு தோட்டத்துக்கே திரும்பிவிடும்.

கேள்வி: விதைக்காமலே தக்காளிப் பாத்தியில் மணத்தக்காளி வந்திருக்கிறது. விடலாமா?
– வாசகி, மதுரை

பதில்: பழம் தின்ற பறவை போட்டது. கீரைக்காக வைத்துக்கொள்ளலாம், ஆனால் அந்தப் பாத்தியில் வேண்டாம். இரண்டும் கத்தரிக் குடும்பம். ஒன்றில் வந்த பூச்சியும் நோயும் மற்றதற்கும் தாவும். சிறு செடியாக இருக்கும்போதே வேறு மூலைக்கு மாற்றிவிடுங்கள்.