தரகு நிறுவனம் கைமாறினால் வீட்டுக் கடனும் மாறுமா?

பெரும்பாலும் உங்கள் கடன் கைமாறியிருக்காது. 2016இல் ஆஸ்திரேலியாவின் ஆஸி ஹோம் லோன்ஸ் தரகர் மூலம் எடுத்த கடனுக்கு இப்போது லெண்டி குரூப் பெயரில் கடிதம் வருகிறது என்கிறீர்கள். மாறியது தரகு நிறுவனத்தின் உரிமை மட்டுமே. தரகர் வேறு, கடன் கொடுத்தவர் வேறு.

1992இல் ஜான் சைமண்ட் தொடங்கிய நிறுவனம் ஆஸி. ஆஸ்திரேலியாவின் காமன்வெல்த் வங்கி அதில் 2008இல் மூன்றில் ஒரு பங்கு வாங்கியது, பிறகு 80%, 2017இல் மொத்தமும். 2021இல் லெண்டி என்ற இன்னொரு தரகு நிறுவனத்துடன் ஆஸி இணைந்தபோது, இணைந்த நிறுவனத்தில் வங்கி 45% வைத்துக்கொண்டது. கடிதத் தலைப்பு மாறியதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த இணைப்புதான்.

கடைசி ஸ்டேட்மென்டை எடுத்து, கடன் கொடுத்தவர் பெயரை ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தோடு ஒப்பிடுங்கள். ஒன்றாக இருந்தால் வட்டி, தவணை எதற்கும் இந்த இணைப்பால் பாதிப்பில்லை.

ஆனால் ஆஸி பெயரிலேயே விற்ற கடனாக இருந்தால், பணம் போட்டவர் யார் என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். தவணையைப் புதுக் கணக்கில் கட்டச் சொன்னால் கட்டாதீர்கள். பழைய ஸ்டேட்மென்டில் உள்ள எண்ணுக்கு நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கள். இணைப்புச் செய்தியைச் சாக்காக வைத்து மோசடிக்காரர்களும் எழுதலாம்.