ராகி மோமோ விண்டுபோனது, பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: திருமண நாளுக்குக் குடும்பத்தோடு கிருஷ்ணகிரியில் ஒரு ஃபியூஷன் ரெஸ்டாரண்டுக்குப் போனோம். ராகி மோமோ கையில் எடுத்ததும் விண்டுபோனது. புளியோதரை ரிசோட்டோ (இத்தாலிய பாணிக் குழைந்த சோறு) திரிந்த பால் போல இருந்தது. ‘நாட்டுக்கோழி டாகோ’வில் இருந்தது பிராய்லர்தான் என்று அம்மா அடித்துச் சொன்னார். சாப்பாட்டுக்கு 2,800 ரூபாய், 10 சதவீத சர்வீஸ் சார்ஜ், ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து 3,234. நல்ல நாளில் தகராறு எதற்கு என்று கட்டிவிட்டு வந்துவிட்டோம். இனி ஏதாவது செய்ய முடியுமா?
– காவேரிப்பட்டணம் வாசகர்

பதில்: முடியும். ஆனால் உங்கள் மூன்று வருத்தங்களும் ஒரே கணக்கில் வராது.

முதலில் மோமோ. ராகி மாவில், மாவை இழுபட வைக்கும் புரதமான குளூட்டன் கிடையாது. மைதாவைப் போல மெல்லிசாக இழுபடாது, மடித்த இடத்தில் விரிந்துவிடும். கொதிக்கிற தண்ணீர் ஊற்றிப் பிசைந்தால் மாவுச்சத்து கொஞ்சம் வெந்து ஒட்டும். அப்படியும் வேகவைத்த சூட்டிலேயே பரிமாற வேண்டும். ஆறின களி எப்படிக் கெட்டியாகிறது என்று உங்கள் அம்மாவைக் கேளுங்கள், அதே கதைதான் இங்கும். மாலையே செய்து ஃப்ரிட்ஜில் வைத்து, ஆர்டர் வந்ததும் சூடு காட்டினால் விண்டுதான் போகும். ரிசோட்டோவிலும் காரணம் எளிது: புளிப்பு பட்டால் பால் திரியும், கொழுப்பு குறைந்த க்ரீமும் திரியும். புளிக்காய்ச்சலைச் சோற்றில் கிளறுவது வேறு, க்ரீமில் கலப்பது வேறு. களி கிண்டத் தெரிந்த ஊரில் ராகியை இப்படிப் பாழாக்கியிருக்கிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது. இருந்தாலும், பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் சாப்பிட்டு முடித்த சாப்பாட்டுக்குப் பணத்தைத் திரும்பக் கேட்பது கடினம். முதல் வாய் வைத்ததும், தட்டு நிறைந்திருக்கும்போதே மேனேஜரைக் கூப்பிட்டு மாற்றித் தரச் சொல்லியிருக்க வேண்டும். அதைத் தகராறு என்று நினைக்காதீர்கள். நல்ல சமையல்காரர் அதைத்தான் எதிர்பார்ப்பார்.

கோழி விஷயம் அப்படியல்ல. மெனுவில் ‘நாட்டுக்கோழி’ என்று எழுதி அதற்கான விலை வாங்கிக்கொண்டு பிராய்லர் வைத்தால், அது ருசி பற்றிய பேச்சே அல்ல, சொன்னது ஒன்று கொடுத்தது ஒன்று. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் கீழ் இதைப் புகாராக எழுப்பலாம். சிக்கல் நிரூபிப்பதில்தான். எலும்பில்லாமல் சிறுசிறு துண்டாக நறுக்கி மசாலாவில் புரட்டிய பிறகு, அம்மாவின் நாக்குக்குத் தெரிந்ததை நுகர்வோர் குறைதீர் ஆணையத்தின் முன் வைக்க முடியாது. மெனுவின் படமாவது கையில் இருக்கிறதா பாருங்கள்.

உங்கள் கை ஓங்கியிருப்பது பில்லில்தான். சர்வீஸ் சார்ஜை உணவகம் தானாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. வேறு பெயரில் வசூலிப்பதும் கூடாது. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அந்த வழிகாட்டுதல்களை உறுதிசெய்தது. டிப்ஸ் கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் விருப்பம். உங்கள் பில்லில் 280 ரூபாய் சர்வீஸ் சார்ஜைச் சேர்த்து 3,080 ஆக்கி, அந்த மொத்தத்துக்கு 5 சதவீதம், அதாவது 154 ரூபாய் ஜிஎஸ்டி போட்டிருக்கிறார்கள். சாப்பாட்டுக்கு மட்டும் வரி போட்டிருந்தால் 140 ரூபாய், மொத்தம் 2,940. ஆக 294 ரூபாய் கூடுதல். தொகை சின்னதுதான். ஆனால் தினமும் எத்தனை மேஜைகளில் இப்படி எடுக்கிறார்களோ!

முதல் வேலையாக, பில் படத்தோடு உரிமையாளருக்கு வாட்ஸ்அப்பில் அல்லது மின்னஞ்சலில் எழுதுங்கள். 294 ரூபாயைத் திருப்பிக் கேளுங்கள், கோழி பற்றியும் விளக்கம் கேளுங்கள். கோபமாக எழுத வேண்டாம். தேதி, மேஜை எண், தொகை போதும். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். பெரும்பாலும் அந்தக் கட்டத்திலேயே உணவகங்கள் இறங்கி வரும். அதற்கும் மேலே போக வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. சம்பவம் நடந்து 2 ஆண்டுகளுக்குள் மனு போட வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரையிலான விவகாரங்களுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் இல்லாமல் நீங்களே பேசலாம்.

பில்லில் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண் அச்சாகியிருக்கிறதா என்றும் பாருங்கள், இருக்க வேண்டும் என்பது விதி. யாருக்காவது வயிறு சரியில்லாமல் போயிருந்தால் அந்த எண்ணோடு மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் போங்கள். இந்தப் புகார் தனி வழி, பில் பிரச்சினையோடு கலக்காதீர்கள்.

அடுத்த முறை இப்படியொரு இடத்துக்குப் போனால் எல்லாவற்றையும் ஒரேயடியாகச் சொல்லாமல், முதலில் ஒரு ஐட்டத்தை மட்டும் வரவழைத்துப் பாருங்கள். “இது இப்போது செய்வதா, முன்பே செய்து வைத்ததா?” என்றும் கேளுங்கள். சர்வர் சமையலறைக்குள் போய்க் கேட்டுவிட்டு வந்து நேராகப் பதில் சொன்னால், நம்பி அடுத்த ஐட்டத்தைச் சொல்லலாம்.