ஈறில் ரத்தம் வந்தால் பிரஷ்ஷை ஓரம்கட்டலாமா?

கேள்வி: சிங்கப்பூரில், செங்காங்கில் இருக்கிறேன். முதல் குழந்தை, இப்போது ஐந்தாம் மாதம். ஒரு மாதமாகப் பல் துலக்கும்போதெல்லாம் ஈறில் ரத்தம் வருகிறது. "பிரசவம் முடியட்டும், இப்போ பல்லுல கை வைக்காதே" என்கிறார் மாமியார். வாய்க் கிருமியால் குறைப்பிரசவம் ஆகும் என்று படித்ததிலிருந்து தூக்கமே இல்லை. என்ன செய்வது?

பதில்: இந்த வாரமே பல் மருந்தகத்தில் நேரம் வாங்குங்கள். மாமியார் அக்கறையில்தான் சொல்கிறார், ஆனால் ஐந்தாம் மாதம்தான் இதற்குத் தோதான காலம். மசக்கை ஓரளவு அடங்கியிருக்கும், நாற்காலியில் சாய்ந்து படுக்க வயிறும் இடம் கொடுக்கும்.

கர்ப்பத்தில் புரோஜெஸ்டிரோன், ஈஸ்ட்ரோஜென் என்ற ஹார்மோன்கள் ஏறும்போது ஈறின் ரத்தக் குழாய்கள் விரிந்துவிடுகின்றன. முன்பு பொறுத்துக்கொண்ட அதே அழுக்குக்கு ஈறு இப்போது சிவந்து வீங்கும். இதில் பிரிவோடெல்லா இன்டர்மீடியா என்ற கிருமி ஒரு கெட்டிக்காரன். அது வளர வைட்டமின் கே போன்ற ஒரு பொருள் வேண்டும். அதற்குப் பதிலாக இந்த ஹார்மோன்களையே அது எடுத்துக்கொள்ளும் என்று 1980களில் ஆய்வகத்தில் கண்டார்கள். பிள்ளைக்காக உங்கள் உடம்பு சுரப்பதில், அழைக்காத விருந்தாளியாக அதுவும் பந்தியில் உட்கார்ந்துவிடுகிறது! ரத்தக்கசிவு பெரும்பாலும் இரண்டாம் மாதம் தொடங்கி எட்டாம் மாத வாக்கில் உச்சத்துக்குப் போகும், பிரசவத்துக்குப் பிறகு தணியும்.

ஆனால் ஹார்மோன் மட்டும் இருந்தால் இது வராது, ஈறோரம் கிருமிப் படலமும் இருக்க வேண்டும். ரத்தத்துக்குப் பயந்து துலக்காமல் விட்டால் படலம் தடிக்கும், ரத்தமும் கூடும். மென்மையான பிரஷ்ஷை ஈறும் பல்லும் சேரும் இடத்தில் சாய்த்து வைத்து, காலையும் இரவும் இரண்டு நிமிடம் துலக்குங்கள். இரவில் பல்லிடுக்கில் ஃப்ளாஸ் நூல். முதல் சில நாள் ரத்தம் வரத்தான் செய்யும், விடாதீர்கள். உப்புநீர் கொப்பளித்தால் இதமாக இருக்கும், அவ்வளவுதான். பல்லில் படிந்து இறுகிப்போன காரையை அது கரைக்காது, பல் மருத்துவர் கருவியால் சுரண்டி எடுக்கும் ஸ்கேலிங்தான் அதற்கு வழி.

இனி உங்கள் தூக்கத்தைக் கெடுத்த விஷயம். முற்றிய ஈறு நோய்க்கும் குறைப்பிரசவத்துக்கும் தொடர்பு இருப்பதாக 1996 முதல் ஆய்வுகள் வந்திருப்பது உண்மை. வாயில் வாழும் ஃபியூசோபாக்டீரியம் என்ற கிருமி சில வேளை பனிக்குட நீரிலும் காணப்பட்டிருக்கிறது. ஆனால் அமெரிக்காவில் 800க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளிடம் நடந்து 2006இல் வெளியான சோதனையில், ஈறு சிகிச்சையால் ஈறு தேறியது, குறைப்பிரசவம் குறையவில்லை. சிகிச்சையால் கருவுக்குத் தீங்கும் காணப்படவில்லை. ஆகவே "ஸ்கேலிங் செய்தால் குழந்தை நிறைமாதத்தில் பிறக்கும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உங்கள் ஈறுக்காகச் செய்துகொள்ளுங்கள், அந்தக் காரணமே போதும். துலக்கும்போது வரும் ரத்தம் பெரும்பாலும் மேலோட்டமான ஈறு அழற்சிதான். எலும்பு வரை போயிருக்கிறதா என்பதை மருத்துவர் அளந்து பார்த்துச் சொல்வார்.

மருந்தகத்தில் எத்தனையாவது வாரம், என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதை முதலிலேயே சொல்லுங்கள். தேவைப்பட்டால் மரத்துப்போக ஊசி போடலாம், பல் எக்ஸ்ரேயும் எடுக்கலாம். மல்லாந்து படுத்து மயக்கமாக வந்தால் வலது இடுப்புக்கடியில் ஒரு தலையணை வைத்து இடப்பக்கம் சாய்ந்துகொள்ளுங்கள். வலிக்கு ஐபுபுரோஃபெனை நீங்களாக வாங்கிச் சாப்பிட வேண்டாம், பாராசிட்டமால் போதும். வழக்கமான ஸ்கேலிங்குக்கு மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கு உதவாது. மருந்தகக் கட்டணத்தில் அரசு மானியம் தரும் சாஸ் அட்டை இருந்தால் அதன் நிறத்தைச் சொல்லி, எவ்வளவு கழியும் என்று நேரம் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

வாந்தி இன்னும் இருந்தால் எடுத்த கையோடு துலக்காதீர்கள், அமிலம் பட்ட பல் தேயும். ஒரு குவளை நீரில் ஒரு தேக்கரண்டி சமையல் சோடா கலந்து கொப்பளித்து, அரை மணி நேரம் கழித்துத் துலக்குங்கள்.

பல்லிடுக்கில் சிவப்பாக ஒரு சின்னக் கட்டி முளைத்தாலும் பதற வேண்டாம், பெரும்பாலும் பிரசவத்துக்குப் பின் தானே சுருங்கும். முகம் வீங்கினாலோ, காய்ச்சலோடு சீழ் வந்தாலோ, பல் ஆடினாலோ மட்டும் வாங்கிய நேரத்துக்காகக் காத்திருக்காமல் அன்றைக்கே போய்விடுங்கள்.