அப்பத்தா வீட்டுத் தூணை ஃப்ளாட்டுக்குள் கொண்டு வரலாமா?

கேள்வி: தேவகோட்டை பக்கம் எங்கள் அப்பத்தா வீட்டை இடிக்கப் போகிறார்கள், பங்காளிகள் எல்லோரும் சம்மதித்தாயிற்று. என் பங்குக்கு இரண்டு தேக்குத் தூண், கஜலட்சுமி செதுக்கிய நிலைக்கதவு, ஒரு தஞ்சாவூர் கிருஷ்ணர் படம் வருகிறது. பெருங்குடியில் 1,150 சதுர அடி ஃப்ளாட். ஆத்தங்குடிக் கல், செடிகள் வைத்து அந்த வீட்டுச் சாயல் வர வேண்டும். டிசைனர் 'ஹெரிடேஜ் தீம்' என்று 18 லட்சம் சொல்கிறார். வீடு மியூசியம் மாதிரி ஆகிவிடுமோ என்று பயம்.

பதில்: அந்தப் பயத்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். முதல் வேலை பெருங்குடியில் இல்லை, ஊரில் இருக்கிறது. "இடிக்கக் கூலி வேண்டாம், சாமானை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்" என்று ஒருவர் கண்டிப்பாக வந்திருப்பார், பங்காளிகளும் செலவு மிச்சம் என்று தலையாட்டியிருப்பார்கள். அந்தப் பேச்சில் உங்கள் தூணும் கதவும் போய்விடும். கையெழுத்துப் போடும் முன் எது எது உங்களுடையது என்று பட்டியல் எழுதி, ஒவ்வொன்றையும் நாலு பக்கமும் படம் எடுத்து, உயரம் சுற்றளவு குறித்து, ஒப்பந்தத்தோடு இணையுங்கள். கழற்றும் நாளில் வீட்டு ஆள் ஒருவர் கூடவே நிற்க வேண்டும். பர்மா தேக்கு பட்டறைக்குள் போய் வேறு மரம் பாலிஷோடு வெளியே வந்த கதைகள் எங்கள் தொழிலில் ஏராளம். "பாலிஷ் போட்டுத் தருகிறேன்" என்று கடைக்காரர் எடுத்துப்போவதற்கு ஒப்புக்கொள்ளவே கூடாது, ஆசாரியை உங்கள் இடத்துக்கு வரவழையுங்கள். மெஷினில் தேய்த்தால் செதுக்கல் மழுங்கிவிடும்.

அப்புறம் டேப்பை எடுத்து உயரத்தைப் பாருங்கள். ஃப்ளாட்டில் தரைக்கும் கூரைக்கும் ஒன்பதரை அடி இருந்தால் பெரிது, அதில் ஃபால்ஸ் சீலிங் வேறு முக்கால் அடி தின்னும். தூணை வெட்டலாம் என்று யார் சொன்னாலும் வேண்டாம், சீலிங்கை விட்டுவிடுங்கள். லிஃப்டில் ஏறுமா, படி திருப்பத்தில் திரும்புமா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். ஹாலுக்கும் சாப்பாட்டு இடத்துக்கும் நடுவே இரண்டு தூணும் நின்றால் போதும், பழைய வீட்டு நினைவு தானாக வந்துவிடும். சிமெண்டில் புதைக்காமல் அடிக்கல் மேல் நிறுத்துங்கள். கதவு பூஜை அறைக்கு. இதற்கு மேல் 'தீம்' எதற்கு? பித்தளை அண்டா, மாட்டு வண்டிச் சக்கரம், யாரோ ஒருவருடைய தாத்தா போட்டோ என்று காரைக்குடிக் கடையில் வாங்கி அடுக்கும்போதுதான் மியூசியம் ஆகிறது. அந்தச் சாமானில் டிசைனருக்குக் கமிஷன் உண்டா என்று முகத்துக்கு நேராகக் கேளுங்கள்.

ஆத்தங்குடிக் கல் ஹாலுக்கு மட்டும் போதும். கண்ணாடிப் பலகை மேல் வண்ண சிமெண்டை ஊற்றிக் கையால் வார்ப்பது அது, சூளையில் சுடுவதில்லை. ஓரத்தைப் பாருங்கள், வண்ணம் தனி அடுக்காகத் தெரியும். அதே டிசைனை அச்சடித்த செராமிக்கையும் அதே பெயரில் விற்கிறார்கள். நிஜக் கல் கிட்டத்தட்ட முக்கால் அங்குலத் தடிமன், கீழே கலவையும் சேர்ந்தால் தரை உயர்ந்து கதவு இடிக்கும், அதனால் பழைய டைல்ஸைப் பெயர்த்துவிட்டுத்தான் போட வேண்டும். பத்து சதவீதம் கூடுதலாக வாங்கி வையுங்கள், அடுத்த தடவை வார்க்கும்போது அதே நிறம் வராது. முக்கியமாக, வேலை முடிந்ததும் மேஸ்திரி பழக்கதோஷத்தில் ஆசிட் ஊற்றிக் கழுவுவார். ஊற்றினால் தரை அன்றே போச்சு, பக்கத்திலேயே நில்லுங்கள். தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தாலே பளபளப்பு ஏறும்.

கிருஷ்ணர் படத்தைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும், யாரும் சொல்வதில்லை. 100 வருடம் தாண்டிய ஓவியம், மனித அல்லது விலங்கு உருவம் செதுக்கிய கல், உலோக, மரச் சிற்பம் வீட்டில் இருந்தால், 1972ஆம் வருடத் தொல்பொருள் சட்டப்படி பதிவு செய்ய வேண்டும். வைத்திருப்பது குற்றமில்லை. பூவும் கொடியும் மட்டும் செதுக்கிய தூணுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் உங்கள் நிலைக்கதவில் கஜலட்சுமி இருக்கிறாள், யானைகளும் இருக்கும், அதனால் அதற்கும் சேர்த்துத் தொல்பொருள் பதிவு அலுவலரிடம் கேட்டுவிடுங்கள். ஏற்கெனவே தாத்தா பெயரில் பதிவாகியிருந்தால், கைமாறியதைத் தெரிவிக்க வேண்டும். சிங்கப்பூரில் இருக்கும் தம்பி ஆசைப்படுகிறான் என்று பார்சல் மட்டும் செய்துவிடாதீர்கள், 100 வருடம் தாண்டியது என்றால் சொந்தச் சொத்தாகவே இருந்தாலும் நாட்டை விட்டு வெளியே போகக்கூடாது. வீட்டுக்காரருக்கு இதை விளக்க ஆளில்லை, கடத்துகிறவனுக்குச் சட்டம் தலைகீழ்ப் பாடம். படத்துக்குப் பின்னால் தேதியா எழுதியிருக்கிறது? வயதை யார் சொல்வது என்று கேட்டால் இன்னொரு மேஜையைக் காட்டுவார்கள். பொறுமையாக, எழுத்தில் பதில் வாங்குங்கள்.

படத்தைக் குளியலறைக்கு முதுகு காட்டும் சுவரிலோ மழை அடிக்கும் வெளிச்சுவரிலோ மாட்டாதீர்கள். பலகை மேல் சுண்ணப்பொடியும் பசையும் வைத்து எழுப்பிய வேலை அது, ஈரம் பட்டால் உப்பி உதிரும். தங்க ரேக்கு மங்கலாக இருந்தால் இருக்கட்டும், 'புதுசாக்கித் தருகிறேன்' என்பவர் பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டு மினுமினுப்புத் தாளை ஒட்டுவார்.

செடிக்கு டிசைனர் வேண்டியதே இல்லை. வெயில் வரும் பால்கனியில் துளசி, மல்லி. உள்ளே மணி பிளான்ட் போதும். தொட்டியைத் தேக்குத் தூணுக்கு அடியில் வைக்காதீர்கள், தண்ணீர் கசிந்து மரம் உளுத்துவிடும். 18 லட்ச எஸ்டிமேட்டை இனம் இனமாகப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள், தர மறுத்தால் வேறு ஆளைப் பாருங்கள்.