சத்துவாச்சாரி வீட்டுக்கு ஈ.ஆர்.வி: ஸ்லாப் போடும் முன்பே முடிவெடுங்கள்

கேள்வி: சத்துவாச்சாரியில் நெடுஞ்சாலைக்குச் சற்று உள்ளே, 1,500 சதுர அடியில் மூன்று படுக்கையறை வீடு கட்டுகிறோம். லிண்டல் மட்டம் வந்துவிட்டது. இப்போது குடியிருக்கும் வீட்டில் தூசிக்கும் ஹாரன் சத்தத்துக்கும் பயந்து ஜன்னலைத் திறப்பதே இல்லை. அம்மாவுக்கு ஆஸ்துமா. ஜெர்மனியில் இருக்கும் மகன், அங்கே வீடு முழுக்கக் காற்றை மாற்றிக்கொண்டே வெப்பத்தை மிச்சம் பிடிக்கும் இயந்திரம் உண்டு, நாமும் வைக்கலாம் என்கிறான். வேலூர் வெயிலுக்கு அது சரிப்படுமா? கொத்தனாரிடம் இப்போதே என்ன சொல்ல வேண்டும்?

பதில்: சரிப்படும். ஆனால் மகன் வீட்டில் இருக்கும் அதே வகையை வாங்காதீர்கள், வெப்பத்தோடு ஈரத்தையும் கைமாற்றும் ஈ.ஆர்.வி வகையை வாங்குங்கள். கரண்ட் பில் குறையும் என்று நம்பியும் வாங்காதீர்கள்.

ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறைக்குள் இருக்கும் காற்றையே சுழற்றிக் குளிர்விக்கிறது. 12-க்கு 12 அறையில் இருவர் கதவைச் சாத்திப் படுத்தால், வெளியே சுமார் 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் 420 பங்கு) இருக்கும் கார்பன் டை ஆக்சைடு உள்ளே விடிவதற்குள் 2,000-ஐத் தாண்டக்கூடும். இரவும் பகலும் ஜன்னல் மூடிய வீட்டுக்கு, வடிகட்டிய புதுக்காற்று அளவோடு வந்துகொண்டே இருப்பதுதான் இந்த இயந்திரத்தின் உண்மையான பயன். காட்பாடியில் ஒரு அமைதியான உள்தெருவில், ஜன்னலைத் திறந்து தூங்குபவர் கேட்டிருந்தால் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன்.

அமெரிக்காவின் குளிர்சாதனப் பொறியாளர் சங்கமான ஆஷ்ரேயின் 62.2 விதிப்படி உங்கள் வீட்டுக்கு 75 சி.எஃப்.எம், அதாவது நிமிடத்துக்கு 75 கன அடி, காற்று போதும். வெளியே 40 டிகிரி, உள்ளே 26 டிகிரி என்று வையுங்கள். 75 சதவீதத் திறனுள்ள இயந்திரத்தில், வெளியேறும் குளிர்ந்த காற்று உள்ளே வரும் காற்றின் சூட்டை வாங்கிக்கொள்வதால், அறைக்கு 29.5 டிகிரியில் காற்று கிடைக்கும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மிச்சமாகும் வெப்பம் 450 வாட், ஏசியின் மின்செலவில் பார்த்தால் ஏறக்குறைய 150 வாட்தான். அதிலும் ஒரு பங்கை இயந்திரத்தின் விசிறிகள் எடுத்துக்கொள்ளும். ஜெர்மனியில் குளிர்காலத்தில் வெளியே பூஜ்யத்தை ஒட்டி, உள்ளே 21 என்று மாதக்கணக்கில் இரவும் பகலும் நீடிக்கிறது, அங்கே லாபக் கணக்கு வேறு. இன்னொன்று, இது ஏசிக்கு மாற்று அல்ல. தனியாக இது வீட்டைக் குளிர்விக்காது.

நம் ஊரில் வெப்பத்தைவிட ஈரம் பெரிய விஷயம். ஐப்பசி மழையில் வெளியே 27 டிகிரி, 85 சதவீத ஈரப்பதம் இருக்கும்போது, வீடு முழுக்க ஏசி ஓடினால், இந்த 75 சி.எஃப்.எம் காற்றோடு மணிக்கு ஒரு லிட்டருக்கும் அதிகமான தண்ணீர் ஆவியாக உள்ளே வரும். எச்.ஆர்.வி எனப்படும் வகை வெப்பத்தை மட்டும் கைமாற்றும், ஈரத்தை அப்படியே விட்டுவிடும். ஈ.ஆர்.வி வகையின் சவ்வு ஈரத்தையும் கடத்துவதால், வரும் ஈரத்தில் கணிசமான பங்கு வெளியேறும் காற்றோடு திரும்பிவிடும். ஆகவே ஈ.ஆர்.வி மட்டுமே கேளுங்கள்.

அந்தச் சவ்வு காகிதமா பாலிமரா என்றும் கேளுங்கள். காகிதமென்றால் குளியலறைக் காற்றை அதில் இணைக்காதீர்கள், வெந்நீர் ஆவி அதைக் கெடுக்கும். குளியலறைக்குத் தனி எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்துவிட்டு, பழைய காற்றை நடைப்பகுதியிலிருந்து இழுக்கலாம். சமையலறை சிம்னியை எந்த வகையிலும் இணைக்கக் கூடாது. தாளிப்பின் எண்ணெய்ப் புகை சவ்வை அடைத்துவிடும். சிம்னிக்கு நேராக வெளியே குழாய் விடுங்கள், அது ஓடும்போது சமையலறை ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

இனி கொத்தனார் விஷயம், அவசரமானது இதுதான். இயந்திரத்தை நடைப்பகுதியிலோ குளியலறைப் பரணிலோ தொங்கவிட்டு, அங்கிருந்து மூன்று படுக்கையறைக்கும் ஹாலுக்கும் குழாய் கொண்டுபோங்கள். நடையில் மட்டும் ஃபால்ஸ் சீலிங் போட்டால் குழாய்கள் மறைந்துவிடும். பிரதானக் குழாய் 6 அங்குலம் இருக்கட்டும், காற்று நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் சத்தமில்லாமல் போகும். சிறிய குழாய் மலிவு, ஆனால் இரைச்சல் வரும். இரைச்சல் வந்தால் வீட்டார் இயந்திரத்தை அணைத்துவிடுவார்கள். குழாய் பீமைக் கடக்க வேண்டிய இடத்தில், கான்கிரீட் போடும் முன்பே ஸ்லீவ் (குழாய் நுழைய வழிவிடும் உறை) வைக்க வேண்டும். இடத்தை ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் குறித்துத் தரட்டும். பிறகு பீமைக் குடைய ஒருவரையும் விடாதீர்கள். செலவு மிச்சம் என்று குழாயை மொட்டை மாடியில் ஓட்டச் சொல்வார்கள், ஒப்புக்கொள்ளாதீர்கள். கத்திரி வெயிலில் அந்தத் தளத்தில் காய்ந்தால் மீட்ட குளிர்ச்சியெல்லாம் அங்கேயே போய்விடும்.

வெளிக்காற்றை எடுக்கும் வாய் நெடுஞ்சாலைக்கு எதிர்ப்பக்கம், நிழலில், முடிந்தால் வடக்குச் சுவரில் இருக்கட்டும். செப்டிக் டேங்க் வென்ட் பைப், ஜெனரேட்டர், சிம்னி வாய் மூன்றிலிருந்தும் தூரத்திலும், கழிவுக்காற்று வெளியேறும் வாயிலிருந்து குறைந்தது 10 அடி தள்ளியும் வையுங்கள். மழைச்சாரல் படாத மூடி, கொசுவலை இரண்டும் தேவை. அம்மாவுக்காக, நுண்தூசியைப் பிடிக்கும் எஃப்7 தர வடிகட்டி போடுங்கள். அதற்கு முன்னால் கழுவக்கூடிய கரடு வடிகட்டி ஒன்றும் இருந்தால் நம் ஊர்த் தூசிக்கு நல்லது. தூசி குறையும் என்பதற்காக மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், மருத்துவரைக் கேளுங்கள்.

வடிகட்டி வழியாகத்தான் காற்று வர வேண்டும் என்றால் வீடு இறுக்கமாக இருக்க வேண்டும். ஸ்லைடிங் ஜன்னல் ஓரம், ஏசி பைப் துளை இவற்றின் அருகே ஊதுபத்தியைக் காட்டுங்கள், புகை ஆடினால் அடையுங்கள். குளியலறையில் கண்ணாடி லூவர் போடாதீர்கள். படுக்கையறைக் கதவின் அடியில் முக்கால் அங்குலம் இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் உள்ளே வந்த காற்று திரும்ப வழியிருக்காது.

பைபாஸ் வசதி, அதாவது வெப்பம் கைமாறாமல் காற்றை நேராக விடும் வழி, இருக்கிறதா என்று பாருங்கள். மார்கழி இரவில் வெளிக்காற்று வீட்டைவிடக் குளிர்ந்திருக்கும், அப்போது வெப்ப மீட்பு நமக்கு எதிராக வேலை செய்யும்.

பொருத்தி முடித்ததும், ஒவ்வொரு அறைக் காற்றுவாயிலும் அளவுக்கருவி வைத்து சி.எஃப்.எம் காட்டச் சொல்லுங்கள். இருவர் தூங்கும் அறைக்கு 20-க்குக் குறையக் கூடாது. எழுதி வாங்கிய பிறகு கடைசித் தவணையைக் கொடுங்கள்.